எதுகை மட்டும் கேட்கும் காது

என் பெரியம்மாவுக்கு 78 வயதானபோது அவரிடமிருந்து நாங்கள் அதிகம் கேட்டது இரண்டே வாக்கியங்கள். "என்னடா சொல்றே, காதுல விழல" என்பது ஒன்று. குரலை உயர்த்தி இன்னொரு முறை சொன்னால், "எதுக்குடா இப்படிக் கத்துறே? நான் என்ன செவிடா?" என்பது மற்றது. இரண்டுக்கும் நடுவே பத்து விநாடிகூட இருக்காது. வீட்டுப் பிள்ளைகளுக்கு இது வேடிக்கை. "பாட்டிக்கு வேண்டியது மட்டும்தான் கேக்கும்" என்பார்கள். காது மந்தமான பெரியவர் இருக்கும் வீடுகளில் இந்தத் தீர்ப்பு எப்படியும் ஒருநாள் சொல்லப்பட்டுவிடும்.

பெரியம்மா நடிக்கவில்லை. அவர் சொன்ன இரண்டுமே உண்மை. அது எனக்குப் புரிய உட்காதின் கதையைப் படிக்க வேண்டியிருந்தது.

உட்காதில், நத்தைக் கூடு போல இரண்டரைச் சுற்று சுற்றிய ஒரு குழல் இருக்கிறது. காக்ளியா என்று பெயர். அதற்குள் வரிசை வரிசையாக மயிர்செல்கள். ஒரு காதுக்கு உள்வரிசையில் சுமார் 3,500, வெளிவரிசைகளில் சுமார் 12,000. மூளைக்குச் சேதி அனுப்புவது பெரும்பாலும் உள்வரிசைதான். எண்ணிக்கையில் மூன்று மடங்குக்கும் மேலிருக்கும் வெளிவரிசைக்கு வேறு வேலை. மெல்லிய ஒலி வரும்போது அந்தச் செல்கள் நீண்டு சுருங்கித் துடித்து, வந்த அதிர்வைப் பெருக்கித் தருகின்றன. பெரிய ஒலி வந்தால் இந்தக் கைத்தாங்கல் தேவையில்லை என்று விட்டுவிடுகின்றன. கொசு ரீங்காரத்தையும் கோயில் அதிர்வேட்டையும் ஒரே காது சமாளிப்பது இதனால்தான்.

வயதாகும்போதும், ஆண்டுக்கணக்கில் விசைத்தறிச் சத்தத்தில் நின்றாலும், ஜென்டாமைசின் போன்ற சில ஊசி மருந்துகளாலும் முதலில் அடிபடுபவை இந்த வெளிவரிசைச் செல்கள். போனால் போனதுதான். கோழிக்கு இவை மறுபடி முளைக்கும் என்று 1988-ல் கண்டுபிடித்தார்கள், மனிதனுக்கு முளைப்பதில்லை. ஆக, மெல்லிய ஒலிக்குக் கிடைத்துவந்த உதவி நின்றுவிடுகிறது. அது காதில் விழவே விழாது. பெரிய ஒலிக்கு எப்போதுமே உதவி தேவைப்பட்டதில்லை. அது பழைய வேகத்தோடேயே வந்து இடிக்கும். 'கேட்கவில்லை' என்பதற்கும் 'வலிக்கிறது' என்பதற்கும் இடையே இருந்த பத்துப் படிகளில் இப்போது இரண்டோ மூன்றோதான் மிச்சம். ஆகவே பெரியம்மாவுக்குக் காதில் விழாததும் நிஜம், நாங்கள் கத்தியதும் நிஜம்.

கண், காது மங்கியவர்களைக் கவனித்துக்கொள்வது பற்றிப் பேசும்போது நாம் போன பொருளைப் பற்றியே பேசுகிறோம்: பார்வை போச்சு, செவி போச்சு. என்ன மிச்சமிருக்கிறது என்று கேட்பவர் குறைவு. மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் வீட்டிலும் ஒரு மனிதரோடு பழக நமக்குத் தேவைப்படுவது அந்த மிச்சக் கணக்குதான்.

காதின் மிச்சக் கணக்கில் தமிழுக்கென்றே ஒரு சங்கடம் உண்டு. காக்ளியாவின் வாசல் பக்கம் கீச்சு ஒலிகளுக்கும், உள்முனை கனத்த ஒலிகளுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. முதுமையில் வாசல் பக்கம்தான் முதலில் தேய்கிறது. பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் ஆயிரம் ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் அவை தப்பிவிடும். சொல்லின் தொடக்கத்தில் வரும் க, ச, த, ப போன்ற வல்லினங்களின் அடையாளம் இரண்டாயிரத்துக்கு மேலே. 'சட்டை' என்று சொல்லும்போது வரும் அந்த 'ச' நாலாயிரம் ஹெர்ட்ஸையும் தாண்டும். இப்போது இந்த வரிசையைப் பாருங்கள்: சட்டை, பட்டை, கட்டை, தட்டை. முதல் எழுத்தை அழித்துவிட்டால் நான்கும் ஒன்றே. தமிழ்ப் புலவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த எதுகைச் சொத்து முழுவதும், காது மந்தமானவருக்கு ஒரே சொல்லாகக் கேட்கிறது. எதுகை வந்து சேர்கிறது. மோனை வழியிலேயே தொலைந்துவிடுகிறது. "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னுதான் தெரியல" என்று அவர்கள் சொல்வதை எந்தக் காது மருத்துவரும் தினம் கேட்டிருப்பார்.

கத்தினால் இது சரியாகாது. கத்தும்போது வளர்வது 'அட்டை' என்ற பகுதிதான், 'ச' வளராது. போதாதற்குக் கத்துகிறவரின் முகம் கோபக்காரர் முகமாக மாறிவிடும்.

இரண்டாவது சங்கடம் வாக்கிய அமைப்பில். அதை நான் ஒரு மருத்துவமனையில் கற்றேன். எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். பெரியம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மறுநாள் காலையில் அறுவை சிகிச்சை. முந்தின இரவு நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில் சிஸ்டர் வந்து, "பாட்டி, ராத்திரி பன்னண்டு மணிக்கு மேல காபி, தண்ணி எதுவும் குடிக்கக் கூடாது, புரிஞ்சுதா?" என்று சொல்லியிருக்கிறார். முகத்தில் மாஸ்க். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில். பெரியம்மா "சரிம்மா" என்று தலையாட்டியிருக்கிறார். விடிகாலையில் வார்டில் ஃப்ளாஸ்க்கோடு வந்தவரிடம் ஒரு காபி வாங்கி நிம்மதியாகக் குடித்துவிட்டார். மயக்க மருந்து டாக்டர் வந்து கேட்டார். அன்றைய அறுவை சிகிச்சை ரத்து. நோயாளி ஒத்துழைக்கவில்லை என்ற பொருளில் கேஸ் ஷீட்டில் ஒரு வரி ஏறியது.

பின்னால் பெரியம்மாவிடம் விசாரித்தேன். "காபி தண்ணி குடிக்கிறதப் பத்தி என்னமோ சொன்னா, நல்ல பொண்ணு" என்றார்.

தமிழில் வினையும், அந்த வினையை மறுக்கும் சொல்லும் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். பேசுகிறவரின் மூச்சும் குரலும் தாழ்கிற இடமும் அதுவே. 'குடிக்க' வரை குரல் இருந்தது. 'கூடாது' விசிறிக் காற்றோடு போயிற்று. காது மங்கியவரிடம் தமிழில் பேசும்போது தடைச் சொல்லைத் தனியாக, முழு மூச்சோடு, முதலில் சொல்ல வேண்டும். "பாட்டி, குடிக்கக் கூடாது. காபியும் கூடாது. தண்ணியும் கூடாது. காலைல ஆபரேஷன்." சொல்லிவிட்டு "புரிஞ்சுதா?" என்று கேட்பதில் பயனில்லை. அந்தக் கேள்விக்கு உலகமெங்கும் ஒரே பதில்தான்: ஆமாம். "நாளைக்குக் காலைல காபி வந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும்.

மாஸ்க்குக்கு வருவோம். 1976-ல் ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு வினோதத்தை வெளியிட்டார்கள். 'ப' என்ற ஒலிக்கு, 'க' என்று வாயசைக்கும் முகத்தைப் பொருத்திக் காட்டினால் பார்ப்பவருக்கு 'ட' போன்ற மூன்றாவது ஒலி கேட்கிறது. காது நன்றாக இருப்பவர்களுக்கே இப்படி. நாம் எல்லோரும் கொஞ்சம் கண்ணாலும் கேட்கிறோம். காது மங்கியவர்களிடம் இந்தக் கூட்டணி இன்னும் நெருக்கமானது. ஓர் ஒலி உதட்டில் பிறந்ததா, பல்லருகே பிறந்ததா என்பதைச் சொல்லும் கீச்சுக் குறிப்புகள் அவர்களுக்குக் கேட்காது. கண்ணுக்கோ அது பளிச்சென்று தெரியும். மாறாக 'மருந்து', 'பருந்து' இரண்டும் உதட்டில் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் 'ம'வின் மூக்கொலி கனத்த ஒலி என்பதால் மிச்சமுள்ள காது அதைப் பிடித்துவிடும். கண் விட்டதைக் காதும், காது விட்டதைக் கண்ணும் எடுத்துக்கொள்கின்றன. மாஸ்க் கண்ணின் பங்கை முழுதாக மறைத்து, காதின் பங்கிலும் கீச்சுப் பகுதியை அமுக்கிவிடுகிறது. கோவிட் காலத்தில் காது மங்கிய முதியவர்கள் திடீரென்று முழுச் செவிடானது போல் குடும்பத்தார் உணர்ந்ததில் வியப்பில்லை.

வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழ வேண்டும்; ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் நிழலாகிவிடும். விசிறியையும் டி.வி.யையும் ஒரு நிமிடம் நிறுத்தலாம். சொன்ன வாக்கியம் விழவில்லை என்றால் அதையே நாலு முறை சொல்லாமல் வேறு சொற்களில் மாற்றிச் சொல்ல வேண்டும். விழாத எழுத்து நாலாம் தடவையும் விழாது. அவசரத்துக்கு டாக்டர்களிடம் பழைய வித்தை ஒன்று உண்டு. ஸ்டெத்தாஸ்கோப்பின் காதுமுனைகளை நோயாளியின் காதில் மாட்டிவிட்டு, மறுமுனையை வாய்க்கு அருகில் பிடித்து மெல்லப் பேசுவது. காசு செலவில்லாத காது மிஷின். முதல்முறை பார்த்தபோது டாக்டர் விளையாடுகிறார் என்றே நினைத்தேன். அதற்கும் முன்னால், காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது. முதியவர்கள் பலருக்குப் பாதிப் பிரச்சினை அதுதான்.

இனி, தள்ளிப்போய் நடந்த அந்த அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த இரவுகள். தியேட்டருக்குள் போகுமுன் காது மிஷின், கண்ணாடி, பல்செட் மூன்றையும் கழற்றிக் கொடுத்தார்கள். நான் அவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டு அலமாரியில் பத்திரமாகப் பூட்டினேன். இரண்டாம் நாள் இரவு பெரியம்மாவுக்குப் புத்தி தடுமாறியது. சிஸ்டரைத் தன் இறந்துபோன தங்கை என்றார். ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கினார். "வயசாயிடுச்சுல்ல, இப்படித்தான்" என்றார் பக்கத்துப் படுக்கைக்காரர். மஞ்சள் பை அலமாரியிலேயே இருந்தது.

மருத்துவர்கள் இதை டெலிரியம் என்பார்கள். மூளைக்கு வயதானதால் மட்டும் இது வருவதில்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஷரன் இனோயி 1999-ல் வெளியிட்ட ஆய்வில், 70 வயதைத் தாண்டிய 852 உள்நோயாளிகளைப் பின்தொடர்ந்தார். நினைவுக் குழப்பம், தூக்கமின்மை, படுத்தே கிடப்பது, பார்வைக் குறை, செவிக் குறை, நீர் வற்றல் என்ற ஆறு காரணங்களைக் குறிவைத்து ஒரு பாதிக்குத் தனிக் கவனிப்பு. புதிய மருந்து எதுவும் இல்லை. கண்ணாடியை மாட்டிவிடு, காது மிஷினைப் போட்டுவிடு, குறும்பியை எடு, பெரிய எழுத்துப் புத்தகம் கொடு, நடக்க வை, தண்ணீர் கொடு, தூங்க விடு என்ற அளவிலான காரியங்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு டெலிரியம் வந்தது. தனிக் கவனிப்பில் 9.9 பேருக்கு. வெளியிலிருந்து சேதி வராத மூளை தன் கையிருப்பை வைத்து உலகத்தைக் கட்டத் தொடங்குகிறது. நள்ளிரவு, மங்கல் விளக்கு, புரியாத முணுமுணுப்பு, வெள்ளை உடையில் ஓர் உருவம்: இந்தத் துப்பை வைத்துக்கொண்டு இறந்துபோன தங்கையை எட்டியது அவ்வளவு மோசமான யூகம் இல்லை. மூன்றாம் நாள் மஞ்சள் பையை எடுத்துக் கொடுத்தேன். அதனால்தான் தெளிந்தார் என்று சத்தியம் செய்ய மாட்டேன், தானாகவும் தெளிந்திருக்கலாம். ஆனால் பூட்டி வைத்தவன் நான்.

செவிக்கும் நினைவாற்றலுக்கும் உள்ள உறவு இதைவிட நீண்டது. மறதிநோய்க்கு வழிவகுக்கும், மாற்றக்கூடிய 12 காரணங்களை லான்செட் இதழின் குழு 2020-ல் பட்டியலிட்டபோது செவிக் குறையும் அதில் இருந்தது. 2024-ல் பட்டியல் 14 ஆனபோது கவனிக்கப்படாத பார்வைக் குறையும் சேர்ந்தது. உடனே காது மிஷின் மாட்டினால் மறதி வராது என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 2023-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் ஏறக்குறைய ஆயிரம் முதியவர்களை மூன்றாண்டுகள் பார்த்தார்கள். மொத்தக் குழுவில் காது மிஷினால் அறிவாற்றலில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்த பிரிவில் மட்டும் சரிவு 48 சதவீதம் மெதுவானது. நம்பிக்கைக்கு இடமுண்டு, உத்தரவாதத்துக்கு இல்லை.

கண்ணுக்கு வரும்போது மிச்சக் கணக்கு நோய்க்கு நோய் மாறுகிறது. குளுக்கோமா ஓரத்தைத் தின்று நடுவை விட்டுவைக்கும். அவரால் பேப்பர் படிக்க முடியும். பக்கவாட்டில் நிற்கும் ஸ்டூலில் இடித்துக்கொள்வார். 'பேப்பர் படிக்கத் தெரியுது, ஸ்டூல் தெரியலையாம்' என்று அவர் மீதும் வேடிக்கைத் தீர்ப்பு வரும். விழித்திரையின் நடுப்பகுதி சிதைந்தவருக்கு நேர்மாறு: ஸ்டூலைச் சுற்றிப் போவார், எதிரில் நிற்கும் மகளின் முகம் தெரியாது. அவர் உங்களைப் பார்க்காமல் எங்கோ பார்த்துப் பேசினால் அது அலட்சியமில்லை. மிச்சமுள்ள ஓரப் பார்வையால் உங்களைப் பிடிக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு இரு கண்ணிலும் ஒரே பக்கத்துப் பாதி மறைந்துவிடும். தட்டில் இடது பாதிச் சோறு அப்படியே இருக்கும், "பசி இல்லை போலிருக்கு" என்று எடுத்துப் போய்விடுவார்கள். தட்டை அரைச் சுற்று திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவார்.

நோய் எதுவும் இல்லாத கண்ணுக்கும் வயது வரி போடுகிறது. பாவை சுருங்கி, வில்லை மஞ்சளாவதால், 60 வயதுக்காரரின் விழித்திரைக்கு 20 வயதுக்காரருக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேர்கிறது. முதியவர் இருக்கும் அறைக்கு எத்தனை விளக்கு வேண்டும் என்பதை வீட்டின் இளையவர் தீர்மானிப்பது அதனால்தான் சரிப்படுவதில்லை. புரை வளர்ந்த கண்ணில் வெளிச்சம் சிதறும் என்பதால் பளபளக்கும் தரை ஈரத் தரையாகத் தெரியும். கருநிற மிதியடி பள்ளமாகத் தெரியும். புரை மட்டும்தான் என்றால் அது அதிர்ஷ்டம். 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, முகாம் போட்டுக் கிராமம் கிராமமாக ஆட்களை அழைத்துவந்து புரை நீக்கியது. 1992-ல் அதன் துணை நிறுவனமான ஆரோலேப் செயற்கை வில்லையின் விலையையும் கீழே இறக்கியது. தமிழ்நாட்டில் 'கண் ஆபரேஷன்' என்ற சொல்லுக்கு இருந்த பயம் போனதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

அறுவை சிகிச்சையால் தீராத கண்ணுக்கு நிறமாறுபாடுதான் மருந்து. 2004-ல் அமெரிக்காவில் முற்றிய அல்சைமர் நோயுள்ள ஒன்பது ஆண்களுக்கு வெள்ளைத் தட்டு, வெள்ளைக் கோப்பைக்குப் பதிலாக அடர்நிறத் தட்டும் கோப்பையும் கொடுத்தார்கள். சாப்பாடு 25 சதவீதமும் பானம் 84 சதவீதமும் கூடின. ஒன்பதே பேர், மிகச் சிறிய ஆய்வு. ஆனாலும் வீட்டில் செய்து பார்க்கச் செலவில்லாத சோதனை. நம் எவர்சில்வர் தட்டில் தயிர்சாதமும், எவர்சில்வர் டம்ளரில் தண்ணீரும் பார்வை மங்கியவருக்கு ஏறக்குறைய மறைந்தே போகின்றன. பச்சை வாழையிலையில் வெள்ளைச் சோறு எடுப்பாகத் தெரியும். இலைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மேலை நாடுகளில் பார்வையற்றவருக்குப் பரிமாறும்போது தட்டைக் கடிகாரமாக வைத்து 'மூணு மணிக்குக் காய், ஆறு மணிக்குச் சோறு' என்று சொல்லிக்கொடுக்கப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறார்கள். நுனி இடப்பக்கம், உப்பும் ஊறுகாயும் அந்த மூலையில், கறிகாய் மேல்பாதி, சோறு கீழ்பாதி என்ற நம் பந்தி ஒழுங்கு அதே வேலையைச் சொல்லாமலே செய்கிறது. கல்யாணப் பந்தியில் தடுமாறாத பார்வையற்றவர் மருத்துவமனைச் சாப்பாட்டுத் தட்டின் முன் தடுமாறுவார்.

பார்வை குறைந்தவர்கள் வெளியே சொல்லாத ஒன்று உண்டு. 1760-ல் சுவிஸ் இயற்கை ஆய்வாளர் சார்ல்ஸ் பொனே தன் பாட்டனாரின் அனுபவத்தை எழுதினார். புரையால் பார்வை மங்கிய, புத்தி தெளிவான அந்த முதியவருக்கு மனிதர்களும் பறவைகளும் வண்டிகளும் கட்டடங்களும் கண்முன் தோன்றி மறைந்தன. அவை நிஜமில்லை என்று அவருக்கே தெரிந்தும் இருந்தது. இன்று அது பொனே பெயராலேயே வழங்குகிறது. கண்ணிலிருந்து சேதி வராதபோது மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருக்காமல் தானே படம் வரைகிறது. பைத்தியமும் இல்லை, பேயும் இல்லை. நம் ஊரில் இதை வெளியே சொன்னால் ஒன்று மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், இல்லை மனநோய் மாத்திரை வரும். ஆகவே சொல்வதில்லை. "கண்ணு மங்கினவங்களுக்குச் சில சமயம் இல்லாத உருவம் தெரியும், உங்களுக்கு அப்படி ஏதாவது தெரியுதாம்மா?" என்று கவனித்துக்கொள்கிறவரே பேச்சை எடுத்தால், பல மாதப் பயம் ஒரே நிமிடத்தில் இறங்கும்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் வயதால் மங்கியவர்களைப் பற்றி. பிறவியிலிருந்தே கேட்காதவர், பார்க்காதவர் கதை வேறு. அவர்களுக்கு எதுவும் 'போகவில்லை'. வேறு வழியில் கட்டப்பட்ட மூளை அது. 1996-ல் நொரிஹிரோ சதாட்டோ குழுவினர், பார்வையற்றவர்கள் பிரெயில் எழுத்தைத் தடவிப் படிக்கும்போது மூளையின் பின்பக்கத்துப் பார்வைப் பகுதி வேலை செய்வதைப் படம் பிடித்தார்கள். 2000-ல் வெளிவந்த ஒரு நோயாளியின் கதை இதை இன்னும் அழுத்தமாகச் சொல்கிறது. பிறவியிலேயே பார்வையில்லாத, பிரெயிலில் தேர்ந்த ஒரு பெண்ணுக்குப் பார்வைப் பகுதியின் இரு பக்கமும் பக்கவாதம் தாக்கியது. விரலில் புள்ளிகள் உறைத்தன. படிக்க மட்டும் வரவில்லை. 'பார்வை இல்லாதவர்தானே, அந்தப் பகுதி போனால் என்ன' என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது.

கைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சைகை மொழியில் பேசுகிறவருக்கு ட்ரிப்ஸ் ஊசியை வலது கையில் குத்திப் பலகை கட்டினால் அவர் வாயைப் பாதி கட்டியதாக அர்த்தம். இரண்டு கைகளையும் கட்டிலோடு கட்டினால் முழுதாகவே கட்டியாயிற்று. வலிக்கிறது என்று சொல்லக்கூட முடியாது. பிரெயில் படிப்பவரின் சுட்டுவிரலில் ரத்தச் சர்க்கரைக்காகத் தினம் நாலு குத்து குத்துவதும் இந்த வகைதான், சுண்டுவிரல் இருக்கிறது. பிறவியிலிருந்து கேட்காதவரிடம் தமிழில் எழுதிக் காட்டினால் போதும் என்று எண்ணுவதும் தவறு. பலருக்குச் சைகை மொழியே தாய்மொழி. அதன் இலக்கணம் வேறு. எழுத்துத் தமிழ் பள்ளியில் கற்ற இரண்டாம் மொழி. அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பத்து வயது மகளை அந்த வேலைக்கு நிறுத்தக் கூடாது. அம்மாவின் புற்றுநோயை அம்மாவுக்குச் சொல்லும் பொறுப்பு ஒரு குழந்தைக்கு எதற்கு? மொழிபெயர்ப்பாளர் வந்தபின் டாக்டர் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து "இவங்களுக்கு எத்தனை நாளா வலி?" என்று கேட்பது அநாகரிகம்.

பார்வையற்றவரை நடத்திச் செல்லும்போது நாம் செய்யும் தவறு, அவர் கையைப் பிடித்து இழுப்பது அல்லது முதுகில் கைவைத்துத் தள்ளுவது. உங்கள் முழங்கைக்கு மேலே அவர் பிடித்துக்கொள்ளட்டும். அவர் அரையடி பின்னால் வருவார். நீங்கள் திரும்பினால், படியிறங்கினால், உங்கள் உடம்பு சொல்லும் சேதி அந்தக் கை வழியே அவர் காலுக்கு முன்கூட்டியே போய்விடும். பிடிக்கிறவர் அவர் என்பதால் விடவும் அவரால் முடியும். அறையை விட்டுப் போகும்போது "நான் போறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போங்கள். காலி நாற்காலியோடு ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்த அவமானத்தை எனக்குத் தெரிந்த ஒரு தமிழாசிரியர் கடைசிவரை மறக்கவில்லை.

இதெல்லாம் தனிமனிதரின் நல்ல மனதை மட்டும் நம்பி நடக்காது. 2011 மக்கள்தொகைக் கணக்கு இந்தியாவில் பார்வைக் குறை உள்ளவர்கள் 50 லட்சம், செவிக் குறை உள்ளவர்களும் 50 லட்சம் என்றது. என் பெரியம்மா போன்று தங்களை மாற்றுத்திறனாளி என்றே நினைக்காத முதியவர்கள் அதில் எத்தனை பேர் அடங்கியிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக்கி, காதும் கண்ணும் சேர்ந்து குறைந்தவர்களையும் அதில் சேர்த்தது. அதே 2016-ல் இங்கிலாந்தின் பொது மருத்துவ அமைப்பு ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது: ஒருவருக்குத் தகவல் எப்படிச் சொல்லப்பட வேண்டும் என்பதை முதலிலேயே கேட்க வேண்டும், பதிய வேண்டும், பதிவேட்டைத் திறந்ததும் கண்ணில் படும்படி குறியிட வேண்டும், அடுத்த இடத்துக்கு அனுப்ப வேண்டும், அதன்படி நடக்க வேண்டும். மருந்து அலர்ஜியைச் சிவப்பு மையில் எழுதும் பழக்கம் நம் மருத்துவமனைகளில் ஏற்கெனவே உண்டு. 'இடது காதில் பேசவும்' என்ற வரியும் அந்தச் சிவப்பு மைக்குத் தகுதியானதே.

ஒன்றரை வருடம் கழித்துப் பெரியம்மாவின் மறுபக்க இடுப்பும் முறிந்தது. இம்முறை கட்டிலுக்கு மேலே, மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதிய தாள் ஒன்றை ஒட்டினோம். 'இடது காதில் பேசவும். மாஸ்க்கை இறக்க முடியாவிட்டால் எழுதிக் காட்டவும். கண்ணாடி, காது மிஷின் தலையணைக்கு வலப்பக்கம். கேள்விக்குத் தலையாட்டினால் நம்ப வேண்டாம்.' கடைசி வரியைப் படித்து சிஸ்டர்கள் சிரித்தார்கள்; ஆனால் நம்பவில்லை. தியேட்டர் வாசல் வரை மிஷினைப் போட்டுக்கொண்டே போகலாமா என்று கேட்டோம். மயக்க மருந்து டாக்டர் தாராளமாக என்றார்.

உங்கள் வீட்டுப் பெரியவரின் ஆஸ்பத்திரிப் பையில் மாற்று உடைக்கு அருகில் மிஷின் பேட்டரி ஓர் அட்டை இருக்கட்டும். வட்டப் பொத்தான் போன்ற அந்த பேட்டரி காற்றில் வேலை செய்வது. வண்ண ஸ்டிக்கரை உரித்து ஒரு நிமிடம் காற்றாட விட்டுப் பிறகு போடுங்கள். மிஷினுக்கு மூடியுள்ள கெட்டி டப்பா ஒன்று வாங்கிப் பெயர் எழுதி ஒட்டுங்கள். தயவுசெய்து டிஷ்யூ காகிதத்தில் மட்டும் சுற்றிவைக்காதீர்கள். காலைச் சாப்பாட்டுத் தட்டோடு குப்பைக்குப் போய்விடும்.